வாள் மேல கால் பட்டுச்சு

ஒரு அக்கா எங்க ஒர்க்ஷாப்புக்குள்ள வந்து, போர்வையில சுத்தினத டேபிள் மேல பிரிச்சப்போ எனக்குக் கையில இருந்த வெல்டிங் ராடு நழுவி விழுந்துடுச்சு. மூணு வாளு. ஒவ்வொண்ணும் என் இடுப்பு ஒசரம்.

ஓனர் ஓடிப்போயி ஷட்டர பாதி இறக்கினாரு. முத்தியால்பேட்டையில எந்தப் பட்டறையிலயும் அருவா, கத்தி தீட்டித் தரக்கூடாதுன்னு போலீஸ் சொல்லிட்டுப் போன சமயம் அது.

"எந்த ஏரியாம்மா நீ? யார போடப் போற?"

அது சிரிச்சுது. "யாரையும் போடல அண்ணே. முனை கொஞ்சம் கூரா இருக்கு. உருட்டி மழுக்கித் தரணும்."

"மழுக்கவா? இத்தினி வருஷத்துல மழுக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதாம்மா."

அதோட அப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவராம். அது பிரான்சுலயே பொறந்து வளந்துது. அந்தக் காலத்து வெள்ளக்காரனுங்க எப்படி வாள் வீசினானுங்கன்னு பழைய புஸ்தகத்துல இருக்கற படத்தப் பாத்துப் பழகற கூட்டம் அங்க இருக்காம். ஒரு வருஷம் இங்க தங்க வந்த எடத்துல, ஞாயித்துக்கிழம காலையில ஷட்டில் ஆடற ஒரு ஷெட்டுல நாலு பேருக்கு சொல்லிக் குடுத்துக்கினு இருந்துது.

மழுக்கின வாள குடுக்க நான்தான் போனேன். வாசல்லயே நின்னுட்டேன். ரெண்டு பேரு தலையில கம்பி வல மாஸ்க் மாட்டிக்கினு, மெத்த தைக்கிறவரு தச்ச மாதிரி பஞ்சு அடைச்ச கோட்டு போட்டுக்கினு, மடேர் மடேர்னு அடிச்சிக்கினானுங்க. அடி வாங்கினவன் கைய தூக்கி "பட்டுச்சு"ன்னு அவனே சொல்றான். சொல்லிட்டு சிரிக்கிறான்.

எனக்கும் அடி வாங்கணும் போல இருந்துச்சு. நெஜமாத்தான் சொல்றேன். யாராச்சும் என்ன நல்லா அடிச்சா தேவலன்னு ரெண்டு மாசமா இருந்தேன்.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எங்கண்ணன் செத்துப்போச்சு. பிள்ளைச்சாவடி கிட்ட ரோட்டுல மணலு. வண்டி சறுக்கிடுச்சு. அண்ணன் ஓட்டுச்சு, நான் பின்னாடி. இருந்தது ஒரே ஹெல்மெட். அது என் தலையில இருந்துச்சு. எழுந்து பாத்தா எனக்கு முட்டியில சிராய்ப்பு மட்டும். அண்ணன் அசையல. ஆளுங்க ஓடி வர்றதுக்குள்ள நான் ஹெல்மெட்ட கழட்டி வண்டி ஹேண்டில்ல மாட்டிட்டேன். ஏன் மாட்டினேன்னு கேட்டா இன்னிக்கும் எனக்கு சொல்லத் தெரியல.

அதப் பாத்த எல்லாரும், ஹெல்மெட்ட ஹேண்டில்ல மாட்டிக்கினே ஓட்டிட்டு வந்துட்டான்னு பேசிட்டாங்க. எங்கம்மா சாவு வீட்டுல அத சொல்லித்தான் அழுதுது. அதுக்கப்புறமும் வர்றவங்க கிட்டல்லாம், "திமிரு புடிச்சவன், தலையில மாட்டாம போய்ச் சேந்தான்"னு செத்துப்போனவன திட்டிக்கினே இருக்கும். நான் எட்டாவதுல நின்னுட்டவன், எங்கண்ணன்தான் என்ன வேலைக்கு சேத்து விட்டுச்சு. அண்ணன திட்டறத கேட்டுக்கினு சோறு தின்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமயே சேந்துட்டேன். ரெண்டு வாரம் வாளே இல்ல. நிக்கறது, நடக்கறது, அவ்ளோதான்.

"டேய், மீன் கூடைய தூக்கிக்கினு நடக்கற மாதிரி நடக்காத. முட்டிய மடக்கு" ங்கும் அந்தக்கா.

சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஒழுங்கா நடக்கத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

மூணாவது வாரம் வாளு. கைக்கு கிரிக்கெட் கிளவுஸ். கழுத்துக்கு டயர் டியூப்ல வெட்டி தச்ச பட்டை. கடைசியில மாஸ்க்க குடுத்துச்சு. தலையில அது எறங்கினதும் ரெண்டு கையாலயும் அத புடிச்சிக்கினேன். என் மூச்சு என் காதுலயே கேக்குது. ஹெல்மெட்டுக்குள்ள கேட்ட அதே சத்தம்.

"வேணாம்னா சொல்லு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இல்லக்கா, அடிங்க."

முதல் அடி தோள்ல. வலிக்கல. ரெண்டாவது நான் தடுத்தேன். மூணாவதுக்கு அது என் வாள கீழ தட்டுச்சு. தட்டின வேகத்துல வாளு வந்து என் பாதத்து மேல பட்டுச்சு.

எங்க பட்டறையில ஸ்பேனர் மேல கால் பட்டாக்கூட தொட்டு கண்ணுல ஒத்திக்குவோம். யோசிச்சு செய்யறது இல்ல, கை தானா போவும். என் கை போச்சு. குனிஞ்சு வாள தொட்டேன். கண்ணுல ஒத்திக்க மாஸ்க்க தூக்கிட்டேன்.

நிமிந்தா அந்தக்கா வாளு என் நெத்திக்கு நேரா வந்துக்கினு இருக்கு.

அது எப்படி திருப்புச்சோ தெரியல. காதோரம் காத்து வீசிச்சு. வாளு பக்கத்துல இருந்த தூண்ல இடிச்சு காரை பேந்து கொட்டுது. அந்தக்கா முட்டி போட்டு தரையில விழுந்துடுச்சு. மாஸ்க்க பிச்சு எறிஞ்சிட்டு கத்துச்சு.

"பைத்தியமாடா நீ? ஏன்டா கழட்டின? உன் மண்டை ஒடஞ்சிருந்தா நான் உங்கம்மா கிட்ட என்னடா போயி சொல்லுவேன்? ஏன்டா கழட்டின?"

"கால் பட்டுச்சுக்கா"ன்னேன்.

யாரும் சிரிக்கல. அந்தக்கா உக்காந்த எடத்துலயே அழுவுது. ஏன்டா கழட்டின, ஏன்டா கழட்டினன்னு அதையே கேட்டுச்சு. அந்தக் கேள்விய மூணு மாசமா என்ன யாரும் கேக்கல. கேக்கறதுக்கு, நான் ஹெல்மெட்ட கழட்டினதே யாருக்கும் தெரியாது.

கோட்டக்கூட கழட்டல. பஞ்சு கோட்டோடயே வேர்த்து ஊத்த வீட்டுக்கு நடந்தேன். தெருவுல ஒருத்தன், "என்ன மச்சான், வெயிலுக்கு ஸ்வெட்டரா?"ன்னான்.

அம்மா கீரை ஆய்ஞ்சிக்கினு இருந்துது. நின்ன வாக்குலயே சொன்னேன். "அம்மா, ஹெல்மெட்டு என் தலையிலதான் இருந்துச்சு. நான்தான் அப்புறம் கழட்டி ஹேண்டில்ல மாட்டினேன். அண்ணன திட்டாத."

அடிக்கும்னு நெனச்சேன். அடிச்சா நல்லா இருக்கும்னு நின்னேன். அம்மா கீரைய கீழ வச்சுது. என் தலையவே பாத்துச்சு.

"நீயா மாட்டிக்கினியா, அவன் மாட்டி விட்டானா?"

"அதுதான்மா மாட்டி விட்டுச்சு. நான் வேணாம்னுதான் சொன்னேன். வார இழுத்து கட்டி விட்டுச்சு."

"இழுத்து கட்டினானா?"

"ஆமா."

அம்மா முந்தானைய வாயில வச்சிக்கினு, "எம்புள்ள, எம்புள்ள"ன்னு அழ ஆரம்பிச்சுது. மூணு மாசத்துல மொத வாட்டி, திட்டாம அழுதுது.