சசிமல் சோப்பின் தமிழ்க் குரல்

கிருஷ்ணகுமாரி அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில், பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். "சோப்புக் குமாரியப் பத்தியா? எழுத வேற ஆளு கெடைக்கலியா ஒனக்கு?" என்றார்கள். வேறு ஆள் நிறையக் கிடைப்பார்கள். ஆனால் அந்த அக்காவின் காம்பராவும் எங்கள் காம்பராவும் ஒரே சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். அவர் தன் சோப்பு விளம்பரத்தைச் சொன்னாலும் கேட்கும், அதுவும் தினம் தினம்.

"எத்தன அழுக்குன்னாலும் ஓடி வா ராசா, சசிமல் இருக்குல்ல!"

இதுதான் அந்த வரி. சொல்லி முடித்ததும் ஒரு சின்னச் சிரிப்பு. குழாயடியில், குப்பை கொட்டப் போகும்போது, பால்வாளியைக் கழுவும்போது என்று நேரம் காலம் கிடையாது. அந்தக் குரல் தன்னுடையது, டீவியில் வந்தது என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்களுடையது அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டம், கீழ்ப் பிரிவு. நான் பிள்ளைக்காம்பராவில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அதற்கு முன்னால் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். அவருடைய அம்மா ஜெயம்மா பதினைந்து வயதில் கொண்டுபோய் விட்டது. அந்த வீட்டு ஐயா டீவிக்கும் ரேடியோவுக்கும் விளம்பரம் செய்கிறவர். வீட்டின் பின்பக்கத்து அறையில் சுவரெல்லாம் மெத்தையை அடித்து, குரல் பதிகிற இடமாக வைத்திருந்தாராம்.

சசிமல் சோப்புக்குச் சிங்களத்தில் விளம்பரம் எடுத்தாயிற்று. தமிழ்ப் படம் போடும் நேரத்தில் போடுவதற்குத் தமிழ்க் குரல் வேண்டும். பேச வேண்டிய பெண் ஊரடங்குச் சட்டம் என்று வரவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணி கொண்டுபோயிருக்கிறார். "நீ தமிழ்தானே, இதைச் சொல்லு பார்ப்போம்" என்று தாளை நீட்டியிருக்கிறார் ஐயா. தாளில் 'ஓடி வா மகனே' என்று இருந்ததாம். "எந்த ஊர்ல தங்கச்சி சேத்துல பெரண்ட பிள்ளைய மகனேன்னு கூப்புடுவாங்க? நான் ராசான்னு சொன்னேன். கடைசில சிரிப்பும் தானா வந்திருச்சி. ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு நல்லாருக்கு, இருக்கட்டும்னுட்டாரு" என்பார். கூலியாகக் கிடைத்தது ஒரு பெட்டி சசிமல் சோப்பு.

அந்த வீட்டுக் குசினி வாசலில் நின்றபடி தன் குரலை அவர் டீவியில் கேட்டார். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நடிகை வாயசைக்க, உள்ளேயிருந்து பேசியது இவர். அதை எங்களிடம் சொல்லும்போது இன்றைக்கும் கழுத்தில் கை வைத்துக்கொள்வார்.

93இல் தீபாவளிக்கு ஊருக்கு வந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன், பாவாடை கட்டின வயது. எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை. தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்த ஐயாவு மாமா வீட்டில் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளை டீவி, கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி இறங்கினால் மாவனல்லையில் ஜமால்தீன் நானா கராஜில் கொடுத்து ஏற்ற வேண்டும். பஸ்ஸில் ஏற்றினால் கொண்டக்டர் கத்துவான். அசிட் சிந்தி ஐயாவு மாமாவின் சாரங்களில் எல்லாம் ஓட்டை. அதனால் அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். விளம்பரம் வந்ததும் பெட்டியை அணைத்துவிடுவார். ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்துதான் மறுபடி போடுவார். சில நாள் வெற்றிலை நீண்டுவிடும், கதாநாயகியின் கலியாணமே முடிந்திருக்கும். வாயைத் திறக்க முடியாது, பெட்டரி அவருடையது.

அன்றைக்கு அக்கா அவர் காலில் விழாத குறை. "மாமா, இன்னக்கி மட்டும் அணைக்காதீங்க. என் கொரல் வரும். எங்கம்மா கேக்கணும்" என்றார். ஜெயம்மா முன்வரிசையில் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தது. நல்ல நாளாச்சே என்று மாமாவும் விட்டுவிட்டார்.

முதல் விளம்பர நேரம் வந்தது. பிஸ்கட் வந்தது, சீமெந்து வந்தது, மாவு வந்தது. சசிமல் வரவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. டீவியில் படம் நாலு பக்கமும் சுருங்க ஆரம்பித்தது. பெட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். கூட்டம் கத்தத் தொடங்கிவிட்டது. மூன்றாவது முறை மாமா பேச்சுக்கே இடமில்லாமல் அணைத்துவிட்டு வெற்றிலையை வாயில் போட்டார். திரும்பப் போட்டபோது திரையில் ஒரு சோப்புக் கட்டி ஒரு கணம் நின்று மறைந்தது. "அதுதான், அதுதான்!" என்று அக்கா எழுந்து கத்தினார். யாருக்குத் தெரியும் அது எந்தச் சோப்பு என்று? அதைவிடக் கொடுமை, படத்தின் கடைசிச் சண்டைக்கு முன்னால் பெட்டரி செத்துப்போனது. அவ்வளவு பேரும் அக்கா மேல் பாய்ந்தார்கள். இவளுடைய விளம்பரத்துக்காகப் பெட்டரியை எரித்ததால் வில்லன் செத்தானா பிழைத்தானா என்றே தெரியாமல் போய்விட்டதாம். அன்றைக்கு வைத்த பெயர்தான் சோப்புக் குமாரி.

ஜெயம்மா மறு வருடம் போய்ச் சேர்ந்தது. அக்கா கொழும்புக்குத் திரும்பவில்லை. இந்திரகுமார் அண்ணனைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்கு இறங்கினார், கோகிலா பிறந்தாள். லயத்துக்குக் கரண்ட் வந்தது, வீட்டுக்கு வீடு கலர் டீவி வந்தது, அணைக்க ஆளும் இல்லை. ஆனால் சசிமல் விளம்பரத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அந்த நாட்களில் அக்கா டீவி முன்னால் உட்கார்ந்து, படத்தை விட்டுவிட்டு விளம்பரத்தைப் பார்த்துப் பொருமுவார். "அந்தக் காலத்துல எல்லாம்..." என்று தொடங்குவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் காலம்? பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு கக்கூஸ் இருந்த காலமா? குப்பி லாம்புப் புகையில் படித்து மூக்கெல்லாம் கரியான காலமா? ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"கக்கூசப் பத்தி யாரு பேசுனா? நான் விளம்பரத்தப் பத்திப் பேசுறேன்" என்றார். "அப்ப ஒரு அம்மா, ஒரு பிள்ள, ஒரு சோப்பு. தொவச்சாங்க, வெள்ளையாச்சு, முடிஞ்சிருச்சி. இப்ப பாரு, சோப்பு விக்க எட்டுப் பேரு மலை உச்சில நின்னு ஆடுறாங்க. துணியக் காணோம்."

அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. இப்போது வருகிற தமிழ் விளம்பரங்களைக் கேட்டால் எனக்கே எரிச்சலாக இருக்கும். சிங்களத்தில் எழுதியதை வரிக்கு வரி மாற்றி, 'உங்களது ஆடைகளின் பிரகாசத்திற்கு' என்று எவளோ ஒருத்தி நீட்டி முழக்குவாள். நாங்கள் பேசுகிற மாதிரி ஒரு வார்த்தை டீவியில் வந்தது என்றால், அக்கா சொல்வது உண்மையானால், அந்த 'ராசா' ஒன்றுதான்.

மற்றவர்கள் கேலி செய்ததை அக்கா தாங்கிக்கொண்டார். கோகிலா செய்ததைத் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை 'சோப்பு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தவள், "ஏம்மா இப்படிப் பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க? எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டேன். அடுத்த நாள் அக்கா என்னிடம், "ஒரே ஒரு தடவ அது வந்துட்டாப் போதும் தங்கச்சி. அவ காதால கேட்டுறணும்" என்றார். நான் என்ன செய்ய முடியும்? டீவிக்காரன் என் மாமன் மகனா?

2009 சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு சிங்களச் சானலில் பழைய விளம்பரங்களை எல்லாம் திரும்பப் போடுகிறோம் என்று அறிவித்தார்கள். இடையில் காட்டிய துண்டுகளில் அந்த வெள்ளைச் சேலை நடிகையும் வந்தாள். அக்காவைப் பிடிக்க முடியவில்லை. லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். விடுமுறை நாள், காலை பத்து மணிக்கு அவர் காம்பராவில் நிற்க இடமில்லை. பலகாரத் தட்டோடு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஐயாவு மாமாவுக்கு முன்னால் கதிரை போட்டிருந்தது.

விளம்பரம் ஒவ்வொன்றாக வந்தது. பிஸ்கட் பாட்டு வந்ததும் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், சிங்களத்தில். நானும்தான் பாடினேன். சுற்றிலும் சிங்களக் கிராமம், கடை கண்ணி எல்லாம் சிங்களம். எங்களுக்கு அந்தப் பாட்டுகள் அப்படித்தான் மனப்பாடம்.

பிறகு சசிமல் வந்தது. முற்றம், சேற்றோடு ஓடி வரும் பையன், வெள்ளைச் சேலை. அக்கா கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நடிகை வாயைத் திறந்தாள். சிங்களத்தில் பேசினாள். வேறு யாருடைய குரலோ. சோப்புக் கட்டி வந்தது, முடிந்தது.

"இது உங்க கொரல் இல்லியேம்மா" என்றாள் கோகிலா.

"அன்னக்கிப் படம் போச்சி, இன்னக்கிச் சோப்பும் போச்சி" என்றார் ஐயாவு மாமா. காம்பராவே குலுங்கச் சிரித்தது.

"தமிழ்ப் படத்துக்கு நடுவுல போட்டது வேற, இது வேற! எத்தன தடவ சொல்றது!" அக்கா டீவியைக் கை காட்டிக் கத்தினார். "தமிழ்ல ஒண்ணு இருந்திச்சி. இருந்திச்சின்னா இருந்திச்சி!"

எனக்குத் தாங்கவில்லை. திரையின் கீழே, ஞாபகங்களைச் சொல்ல விரும்புகிறவர்கள் நேரடியாக நிகழ்ச்சியிலேயே பேசலாம் என்று ஒரு நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. இந்திரகுமார் அண்ணனின் போனைப் பிடுங்கி விடாமல் அடித்தேன். அடித்து அடித்துக் கடைசியில் எடுத்தார்கள். போனைச் சத்தமாக வைத்து அக்கா கையில் கொடுத்தேன். காம்பரா அடங்கிவிட்டது.

அக்காவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. சசிமல் விளம்பரத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் நான்தான் என்று அறிவிப்பாளனிடம் சொன்னார். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம், சிங்களத்தில் 'நங்கி', தங்கச்சி, என்று உறவு கொண்டாடினான். "அப்படியா நங்கி! எங்கே, அதை இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்" என்றான்.

அக்கா நிமிர்ந்து நின்றார். முந்தானையால் வாயைத் துடைத்தார். கோகிலாவைப் பார்த்தபடி தொடங்கினார். "எத்தன அழு..."

"நங்கி, நங்கி, சிங்களென் கியமுகோ" என்று குறுக்கே வந்தான் அவன். சிங்களத்தில் சொல்வோமே, பார்க்கிற எல்லோருக்கும் விளங்க வேண்டாமா என்று சிரித்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அக்கா எங்களைப் பார்த்தார். இந்திரகுமார் அண்ணன் கையைக் கையை ஆட்டினார். "சிங்களத்துலயே சொல்லிரு, சொல்லிரு" என்று வாயை மட்டும் அசைத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், பஸ்ஸில் தமிழில் போன் வந்தால் எடுக்காமல் வைத்துவிடுகிற நாட்கள் அவை. டீவியில், நாடே பார்க்கும்போது, எதற்கு வம்பு என்று அவர் நினைத்தார்.

அக்கா சொன்னார். சற்றுமுன் கேட்ட அதே சிங்கள வரியை, அந்த நடிகையின் இழுப்போடு, பிசகாமல் சொன்னார். சிரிப்பு மட்டும் வரவில்லை.

அறிவிப்பாளன் கை தட்டினான். எவ்வளவு அழகான சிங்களம், தமிழ் ஆள் என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று புகழ்ந்தான். வருடப் பிறப்பு வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டான்.

காம்பராவில் விசில் பறந்தது. கோகிலா அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஐயாவு மாமா கதிரையை விட்டு எழுந்து வந்து, "இத்தன வருசம் கேலி பண்ணிட்டேன் குமாரி. மனசுல வச்சிக்காத ஆத்தா" என்றார். அடுத்த நாள் கடைத்தெருவில் சிங்களப் பெண்கள்கூட அக்காவை நிறுத்திக் கை கொடுத்தார்கள். அந்தச் சிங்களச் சசிமல் விளம்பரத்தில் பேசினது எங்கள் தோட்டத்து ஆள் என்று ஊரே சொன்னது. கோகிலா பள்ளிக்கூடத்தில் போய், டீவியில் சிங்களத்தில் வந்ததே, அது எங்கம்மா குரல்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. முதலில் இல்லை என்றவள்தான், அம்மா அதே இழுப்பில் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு அப்படித்தான் விளங்கியிருந்தது.

பால்வெட்டுக்குப் புறப்பட்ட அக்காவைப் பிள்ளைக்காம்பரா வாசலில் மறித்தேன்.

"என்னாக்கா இது? நீங்க பேசினத ஒருத்தரும் நம்பல, நீங்க பேசாதத ஊரே நம்புது. கோகிலாகிட்டயாச்சும் சொல்ல வேணாமா?"

"விடு தங்கச்சி. இப்பத்தான் அவ என்னய நிமிந்து பாக்குறா."

"அப்ப எனக்குச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க, நான் கேக்குறேன்."

"நீ கேட்டு என்னா செய்யப் போற?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த வரி அதன் பிறகு வரவே இல்லை. எவ்வளவோ நாள் நிறுத்தித் தொலைக்க மாட்டாரா என்று நினைத்தவள் நான். இப்போது துணி துவைக்கும்போது கோகிலாதான் அந்த விளம்பர வரியைச் சொல்கிறாள், சிங்களத்தில்.