ஜாயிண்ட் காந்தம்

ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டியிருந்த மயில் படம் கீழே கிடந்தால் ஃபேன் காற்றைத் திட்டாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டிருந்த கருப்புக் காந்தத்தை நான்தான் எடுத்துப் போகிறேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். உங்கள் மாமன் என் உள்ளங்கையில் வைத்து அழுத்திக் கொடுத்தது. ஏன் எடுத்தேன் என்று புரிய, அந்த நாளைச் சொல்லியாக வேண்டும்.

சாயப்பட்டறையில் நான் ஓட்டுவது, படுக்கவைத்த பானை மாதிரி ஒரு பெரிய மெஷின். துணியின் இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்து, வளையமாக உள்ளே விட்டு மூடிவிடுவோம். பாலியெஸ்டர் துணிக்குக் கொதிக்கிற சூடு பத்தாது. அதற்கும் மேலே ஏற்றி, ஆவி வெளியே போகாமல் அடக்கிவைத்துச் சுற்றவிடுவோம். அந்தத் தையலைத்தான் ஜாயிண்ட் என்போம். அதற்குள் ஒரு காந்தம் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது வந்து கடக்கும்போது மணி அடிக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மணிதான் எங்களுக்குச் சொல்லும்.

உங்கள் மாமன் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவர். லீவுக்கு வந்தவர் எனக்குச் சோறு கொண்டுவந்து, கேரியரை வைக்க மறந்து மணியையே கேட்டுக்கொண்டு நின்றார். தங்கள் வேலையும் இதேதான் என்றார். சூரியனைவிடச் சூடான, பிளாஸ்மா என்கிற வாயுவை எந்தப் பாத்திரமும் தாங்காதாம்; காந்தங்களை வைத்துச் சுவரில் படாமல் வளையமாகச் சுற்றவிடுகிறார்களாம். அதில் சில சமயம் ஒரு நெளிவு விழும். அதுவும் கூடவே சுற்றும். வெளியே இருக்கிற கம்பிச் சுருள்களில் அது நம் மணி போலத் தெரியும். நெளிவு பெருத்தால் சுற்று மந்தமாகும். பிறகு நின்றே போகும். "நின்னுருச்சுன்னா அடங்கிருச்சுன்னு புதுசா வர்றவங்க நெனப்பாங்க மச்சான். அதுக்கப்புறம் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள மொத்தச் சூடும் செவுத்துல போய் விழும்" என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் எங்கள் மணி தாமதமாக அடித்தது. அடுத்தது இன்னும் தாமதம். பிறகு அடிக்கவேயில்லை. துணி உள்ளே சிக்கி, சாயத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுற்றவிடுகிற பம்பும் நின்றுவிட்டது. மீட்டரில் சூடு மளமளவென்று இறங்கியது. ஏற்றுமதிப் பெட்டி அனுப்புகிற நாள் என்பதால் சூப்பர்வைசர் ஓடிவந்தார். எண்பது டிகிரிக்குக் கீழே வந்துவிட்டது, திறந்து சிக்கெடுக்கலாம் என்று மூடியில் கை வைத்தார். மாமன் குறுக்கே போய் நின்றார்.

"ஏனுங்க, சூரியனையே கட்டி மேய்க்கறவரு எங்க பானையப் பாத்துப் பயப்படறீங்களா?" என்றார் சூப்பர்வைசர். சுற்றி நின்றவர்கள் சிரித்தோம்.

மாமன் சிரிக்கவில்லை. "மீட்டரு குழாய்ல இருக்குதுங்க. பம்பு நின்னா உள்ள இருக்கற தண்ணி குழாய்க்கே வராதுங்களே. ஆறுனது குழாய்தானுங்க, பானை இல்லீங்க."

மூடியின் பூட்டும் அதே மீட்டரை நம்பித்தான் விடுபடும். விடுபட்டும் இருந்தது. நான் மேலே ஏறி ஆவி வால்வைக் கொஞ்சமாகத் திருகினேன். வெள்ளையாகச் சீறிக்கொண்டு தகரக் கூரைவரை போனது; நிற்கவேயில்லை. மூடிக்கு நேரே, சற்றுமுன் சூப்பர்வைசர் முகம் இருந்த இடத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் நன்றாக ஆறிய பிறகு துணியை வெட்டி எடுத்தோம். தையலைப் பிரித்து, காந்தத்தை மாமன் என் கையில் கொடுத்தார். "நாங்க சூட்ட உள்ள நிறுத்தறதுக்குத் தவங் கெடக்கறோம். உங்க பானை, வேண்டாங்கறப்பவும் வெச்சுக்குது" என்றார். ஊருக்குப் போகும்போதும் பேச்சு அதுதான்: "மணி நின்னா அடங்கிருச்சுன்னு மட்டும் நம்பாதீங்க மச்சான்."

இப்போது பட்டறையில் புது மெஷினும் பெரிய ஸ்கிரீனும் வந்துவிட்டன; அந்தச் சூப்பர்வைசர் இல்லை. புதிதாக வந்தவர் நல்ல மனிதர்தான். இன்றைக்கு ஏற்றப்போகிற துணிக்குக் காந்தம் ஸ்டோரில் இல்லை. அது இல்லாமலே ஓட்டுங்கள், எல்லாம் ஸ்கிரீன் காட்டும் என்று போனில் சொன்னார். அந்த ஸ்கிரீனுக்குச் சூட்டைச் சொல்கிற மீட்டர் இன்றும் குழாயில்தான் இருக்கிறது.

அதனால்தான் எடுத்துப் போகிறேன். ஜாயிண்டில் நானே வைத்துத் தைப்பேன். மயிலைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், கண்ணுகளா. சாயங்காலம் நான் வர நேரமானால் அம்மாவிடம் சொல்லுங்கள்: மணி நின்றிருக்கும், அப்பா மூடியைத் திறக்காமல் காத்திருப்பார்.