அப்பாவின் மலைப்பாதையும் நான் எழுதிய நான்காம் விதியும்

எங்கள் அப்பா காலமாகி ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகள் வணக்கத்துடன் எழுதுவது.

அப்பாவின் வாழ்க்கையை வரிசையாக எழுதித் தரும்படி சித்தப்பா கேட்டார். எனக்கு வரிசையாகத்தான் எழுத வரும். பிறப்பு, உத்தியோகம், ஓய்வு, கடைசி நாள், நன்றி என்று ஐந்து தலைப்புகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்காவது தலைப்புக்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று என்ன நடந்தது என்று அம்மாவிடம் இந்த ஓராண்டில் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் அம்மா முதலிலிருந்து சொல்கிறார். இனி அவர் சொல்ல வேண்டியிராதபடி இதில் எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது புளியங்குடியில். சிறு வயதிலேயே தாயையும் அடுத்துத் தந்தையையும் இழந்தார். பெரிய அத்தைக்கு அப்போதுதான் தென்காசியில் கலியாணமாகியிருந்தது. இரண்டு தம்பிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டுதான் அத்தை புகுந்த வீட்டுக்குள் நுழைந்தார் என்று சொல்வார்கள். அப்பாவைப் படிக்க வைத்தவர் அத்தை. அதற்காக அவர் கழற்றிக் கொடுத்த வளையல்களை அப்பா எந்த நாளும் மறந்ததில்லை.

தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டு ரயில்வேயில் சிக்னலராகச் சேர்ந்தார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டரானார். பணிக்காலத்தில் பெரும்பகுதி செங்கோட்டைக்கு மேற்கே மலைப்பாதையில் கழிந்தது. பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று மாறி மாறி வேலை பார்த்தார். அட்டைக்கடி, யானைப் பயம், ஆண்டுக்கு ஒரு தடவை தவறாமல் வரும் மலைக்காய்ச்சல், இவைதான் அங்கே அக்கம்பக்கம். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் இரண்டு வயதில் அந்தக் காய்ச்சலில் தவறினான். மாற்று ஆள் வந்து சேரவில்லை என்பதால் மறுநாள் காலை வண்டிக்கு அப்பாவே கொடி காட்டினார். அம்மா இதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவார். சொன்ன காரியத்தைச் சொன்ன வேளையில் முடிப்பார். அவருடைய குணங்களைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது. மற்றதை அவரோடு வேலை பார்த்தவர்கள் இந்த மலரிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்று மேலகரம் வீட்டுக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவழியே குற்றாலத்துக்குப் போகும் மாட்டு வண்டிகளும் எப்போதாவது கரிவாயுவில் ஓடும் ஒரு பஸ்ஸும் போகும். ரயில் சத்தம் எட்டாது. ஒரு மாதம் அப்பா முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த ஒரு பொம்மை எஞ்சினை வெளியே எடுத்தார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போனது. சாவி கொடுத்தால் ஓடக்கூடியது. உள்ளே ஸ்பிரிங் சுருள் அறுந்திருந்தது.

அந்தச் சமயத்தில் நான் சென்னையில் டிராயிங் படித்து முடித்து, ஆண்கள் யுத்தத்துக்குப் போய்க் காலியாயிருந்த ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலையில் இருந்தேன். லீவில் வந்திருந்த என்னிடம் அப்பா கேட்டார்.

"செங்கோட்டையில இருந்து புனலூர் வரைக்கும் உள்ள லைன நெல்லு ரூம்ல அடக்க முடியுமா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சினுக்குச் சரியான விகிதத்தில் சுருக்கினால் அறை மட்டுமல்ல, மேலகரத் தெரு முழுவதும் போதாது என்று சொன்னேன்.

"அப்ப முக்கியமான எடத்தை மட்டும் வைப்போம். மிச்சத்துல வண்டி தூங்கிட்டுப் போகட்டும்" என்றார்.

இப்படித்தான் வேலை ஆரம்பமாயிற்று. நெல் அறையைக் காலி செய்து, நான்கு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை அடித்தோம். பலகை சித்தப்பாவின் எலுமிச்சைக் கமிஷன் கடையில் கழித்துப்போட்ட பெட்டிக் கட்டைகள். தண்டவாளம் மண்ணெண்ணெய்த் தகரத்தை மெல்லிசாக வெட்டி மடித்தது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போட்ட கட்டைகள் என் பழைய அடிக்கோல்களும் சித்தப்பா கொண்டுவந்த மூங்கில் சிம்புகளும். சுருள், ஓடாத ஒரு டைம்பீஸிலிருந்து எடுத்தது. மலைகளுக்குப் பழைய டைம்டேபிள்களை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து, அம்மா ஆட்டுரலில் ஆட்டிக் கொடுத்தார். வீடுகளில் காகிதக் கூழால் பெட்டி செய்கிற பக்குவத்தில்தான் மலையும் செய்தோம். ஒரு மாதம் வீட்டில் எதைத் தின்றாலும் காகித வாசனை அடித்தது.

"இதுல ரெண்டு தோசை ஊத்தித் தாறேன். உங்க ரயிலு திங்குமா?" என்று அம்மா கேட்பார்.

"எஞ்சினுக்கு வேண்டாம். கார்டுக்கு வை" என்பார் அப்பா.

அந்த மலைப்பாதையில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தை மட்டும் நான் முறையாக வரைந்து, வளைவு வளைவாக அட்டையில் வெட்டினேன். அதை வைத்த அன்று அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எந்த ஸ்டேஷனிலும் மனிதப் பொம்மை வைக்க விடவில்லை. அம்மா கேட்டதற்கு, "டிக்கெட் இல்லாதவுகள ஏத்த முடியாது" என்றார்.

இனி எழுதுவதைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். அறைக்கு ஒரே கதவு. உள்பக்கமாகத் திறப்பது. பாதை அறையைச் சுற்றி வர வேண்டுமானால் வாசலையும் கடக்க வேண்டும். அதற்காக வாசலின் குறுக்கே எடுத்து வைக்கிற மாதிரி ஒரு பலகை செய்தோம். கதவைத் திறந்தால் அந்தப் பலகை இடிபட்டு விழும். அதன்மேல் வண்டி இருந்தால் வண்டியும் விழும்.

ஒரு கார்த்திகை மாதம் அப்படியே நடந்தது. உள்ளே சத்தமில்லை என்று நம்பி அம்மா காப்பியோடு கதவைத் தள்ளினார். அப்பா எண்ணெய் போடுவதற்காக எஞ்சினை அந்தப் பலகைமேல்தான் நிறுத்தியிருந்தார். தரையில் விழுந்து அச்சு வளைந்தது, புகைபோக்கி ஒடிந்தது. யுத்த காலத்தில் ஒரு திருகாணி கூடக் கிடைக்காது; நிமிர்த்தி ஒட்டி மறுபடி ஓடவைக்க இரண்டு மாதமாயிற்று.  அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

அம்மாமேல் இன்னொரு தடவை அப்படிப் பழி வரக்கூடாது என்று நினைத்தேன். ரயில்வேயில் அடுத்த ஸ்டேஷனிலிருந்து, பாதை காலி என்று சொல்லும் 'லைன் கிளியர்' வராமல் வண்டியை விட மாட்டார்கள். அதே முறையை வீட்டுக்கும் வைத்தேன். இந்திய மையில், அச்சுப்போல எழுதிக் கதவில் ஒட்டினேன்.

ஒன்று: கதவை நேராகத் திறக்கக்கூடாது.
இரண்டு: வெளியில் இருப்பவர் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்.
மூன்று: உள்ளிருந்து 'லைன் கிளியர்' என்ற குரல் வந்த பிறகே திறக்க வேண்டும்.
நான்கு: குரல் வராவிட்டால், சத்தம் கேட்காவிட்டாலும், வண்டி பாதையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

அப்பா படித்துவிட்டு, "நாலாவதுதான் முக்கியம். இத எங்க ஆளுககூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாக" என்றார். அம்மா கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த விதிப்படியே நடந்தோம். புளியங்குடியிலிருந்து வரும் சித்தப்பா வெளியே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, சிக்னலக் குடுங்க. எலுமிச்சை அழுகிரும்!" என்று கத்துவார்.

"கூட்ஸ் வண்டி அவுட்டர்லயே நிக்கட்டும்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

அப்பா ஓட்டும்போது சுற்றுகளை எண்ணுவார். அதனால் பல சமயம் பதில் சொல்ல மாட்டார். காத்திருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

கடைசி நாள்.

சென்ற ஆடி மாதம். காலையிலிருந்து சாரல். அறையின் ஜன்னலைச் சாத்தியிருந்தோம். நான் லீவில் இருந்தேன். மதியம் சாப்பிட்டபின் பாதை வேலைக்குச் செம்புக் கம்பி வாங்கத் தென்காசிக்குப் போனேன். அப்பா அறைக்குள் போனார். உடம்புக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அம்மா காப்பியோடு வந்து இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் சத்தம் நின்றது. சாவி கொடுக்கிறார் என்று அம்மா நினைத்தார். மறுபடியும் தட்டினார். "காப்பி ஆறுது" என்று சொன்னார். பதில் இல்லை. காப்பியைத் திரும்ப எடுத்துப் போய்ச் சுடவைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்போதுதான் நான் வந்து சேர்ந்தேன். பிறகு கதவு திறக்கப்பட்டது. அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். எஞ்சின் எதிர்ச்சுவர் ஓரமாகச் சாவி தீர்ந்து நின்றிருந்தது. வாசல் பலகைமேல் ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்த பெரிய அத்தை, எல்லார் முன்னாலும் அம்மாவைக் கேட்டார். "ஏட்டி, காப்பியக் கையில வச்சுக்கிட்டு அங்கனயே நின்னியாக்கும்? உள்ள இருந்தது ஒம் புருசனா, ரயிலா?"

அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்பாவைப் பெற்ற பிள்ளையைப்போல வளர்த்தவர் அவர். ஆனால் அந்தக் கேள்வி அன்றோடு நிற்கவில்லை. பதினாறாம் நாளிலும் கேட்டார்கள். பொங்கலுக்கு வந்தவர்களும் கேட்டார்கள். அம்மா எவரிடமும் விதியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளவில்லை. "ஆமா, நின்னுட்டேன்" என்று மட்டும் சொல்கிறார். இரவில் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பகலில் அந்த அறைப் பக்கம் போவதில்லை.

தென்காசியிலிருந்து வந்த டாக்டர், இதயம் நின்றுவிட்டது என்றார். கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருந்தால் என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "சொல்ல முடியாதம்மா" என்றார். அதற்குமேல் எனக்கும் தெரியாது. பிழைத்திருப்பார் என்றும் எழுத மாட்டேன், மாட்டார் என்றும் எழுத மாட்டேன்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். நான்காம் விதியை எழுதியவள் நான். அம்மா அதன்படி நடந்தார். அது மட்டுமல்ல. 'நான் வந்து சேர்ந்தேன், பிறகு கதவு திறக்கப்பட்டது' என்று மேலே எழுதினேன். ஓராண்டாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். நான் வந்தவுடன் திறந்துவிட்டேன் என்றே எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். அது சரியல்ல. நடந்தது இது.

"என்னம்மா நிக்க?" என்று கேட்டேன்.

"லைன் கிளியர் வரல. ரெண்டாந்தடவை காப்பி சுடவச்சிட்டேன். நீ தட்டிப் பாரு."

இரண்டு தட்டுத் தட்டினேன். பதில் இல்லை. எஞ்சினைப் பலகைமேல் வைத்து எண்ணெய் போடுகிறார் என்று நினைத்தேன். நனைந்த குடையை உதறி மூலையில் சாய்த்தேன். செம்புக் கம்பியைப் பிரித்து, கடைக்காரர் சரியான கனத்தில் கொடுத்திருக்கிறாரா என்று பார்த்தேன். அது சரியாக இருந்தது. அதன் பிறகும் நின்றேன். "ஏட்டி, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. தொறந்துருவமா?" என்று அம்மா கேட்டார். "இன்னொரு தடவை தட்டிட்டுத் தொறப்போம்" என்றேன். தட்டினேன். எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். பிறகுதான் திறந்தேன். அப்பாவின் கை சூடாகத்தான் இருந்தது.

திறக்கலாம் என்று முதலில் சொன்னவர் அம்மா. நிறுத்தியவள் நான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: சாரலில் நனைந்துகொண்டே டாக்டரை அழைத்துவந்த அடுத்த வீட்டு அண்ணாச்சி. தோள் கொடுத்த தெருக்காரர்கள். செய்தி கேட்டு மலை ஸ்டேஷன்களிலிருந்து முதல் வண்டியைப் பிடித்து வந்த பழைய போர்ட்டர்களும் கேங்மேன்களும். எஞ்சினின் சுருளைக் கூலி வாங்காமல் மாற்றிக்கொடுத்து, பதினாறாம் நாள்வரை வீட்டுக்கு வந்து போன தென்காசி கடிகாரக்காரர். காரியங்கள் அனைத்தையும் நின்று நடத்திய சித்தப்பா. அம்மாவைத் தனியே விடாமல் நாற்பது நாள் கூட இருந்த பெரிய அத்தை. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரையை நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். வெந்தயம் ஆட்டியதைச் சொன்ன இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். முடித்ததும் சொன்னார்.

"கடைசியில ஒன்னப் பத்தி எழுதிருக்கியே, அத எடுத்துரு ஏட்டி. கேக்குதவுக என்னயவே கேட்டுட்டுப் போட்டும். எனக்குப் பழகிட்டு. ரெண்டு பேரு எதுக்கு?"

எடுக்கவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.