ஒயின் ஊற்றாத குழம்பு

கீழவாசல் கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டியின் அடியில் பன்னீர் திராட்சை நசுங்கிக் கிடந்தது. வெயிலில் நுரைத்து, ஈ மொய்த்து, ஒரு வாசனை. இனிப்பு கெட்டு இன்னொன்றாக மாறுகிற நேரத்து வாசனை. காய் வாங்கப் போனவள் வெறும் பையோடு நின்றேன். மனம் தம்பி வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

தம்பி கப்பலில் சமையல்காரன். கோழியைச் சிவப்பு ஒயினில் வேகவைக்கிற ஒரு குழம்பு அவனுக்குக் கைவந்தது. பாட்டில் எப்போதும் கையெட்டும் தூரத்தில். சட்டிக்கு ஒரு ஊற்று, தனக்கு ஒரு ஊற்று. வருஷங்கள் அப்படியே ஊற்றிப் போயின. லீவில் வந்தாலும் நிறுத்தவில்லை. அவன் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு மகளோடு குத்தாலத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஈரல் கெட்டு, வேலை விட்டு, வீட்டோடு வந்து சேர்ந்தான். துணைக்கு அம்மா.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "கறியில ஊத்துறதுகூட வேணாம். கொதிச்சா எல்லாம் போயிடும்னு நெனைக்காதீங்க. கொஞ்சம் தங்கும்."

விட்டான். நிஜமாகவே விட்டான். சாயங்காலங்களை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான்.

மாசியில் மனைவி போன் செய்தாள். வந்து பார்க்கிறேன், குடி இல்லையென்றால் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாள். மகள் போனைப் பிடுங்கிக் கேட்டாள்: "அப்பா, கப்பல்ல செய்வியே, அந்தச் செவப்புக் கொழம்பு, செஞ்சு தர்றியா?"

"தர்றேன்டா கண்ணு. ஒயின் இல்லாமலே."

ஒத்தாசைக்கு நான் போனேன். அன்று அவன் பேசியதைப்போல அவன் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒயின்னா என்னக்கா? கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, நாக்கப் பிடிக்கிற துவர்ப்பு. மூணும் நம்ம வீட்டுலயே கெடக்கு." திராட்சையைப் பிழிந்து தூக்குச்சட்டியில் வடித்தான். துவர்ப்புக்குப் பால் சேர்க்காத டீ. புளிப்புக்கு வினிகர், அதுவும் கடைசியில், சொட்டுச் சொட்டாக.

"இதுக்கு நேரா ரசமே வச்சுடலாமேடா," என்றேன்.

"உன் ரசத்தக் குடிச்சா தெளிஞ்சவனுக்கும் தல சுத்தும்."

சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "புளிப்பு இன்னும் பத்தல," என்றபடி ஃப்ரிட்ஜில் வைத்தான். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. குத்தாலத்தில் அவள் அப்பா வயலுக்கு அன்றைக்குத்தான் அறுவடை மெஷின் கிடைத்ததாம். விட்டால் எப்போது வருமோ தெரியாது. நெல் வண்டியில் ஏறினதும், நாளைக் காலையில் கிளம்புகிறோம் என்றாள்.

அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. புளிப்பு பத்தவில்லை என்றால் எங்கள் அடுப்படியில் செய்வது ஒன்றுதான். அம்மா தூக்கை வெளியே எடுத்து, பழைய இட்லி மாவில் ஒரு கரண்டி கலந்து, அரைத்த மாவுக்குப் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு கை கொடுத்த சந்தோஷம். விடிந்தபோது மூடி எழும்பி, ரோஸ் நிற நுரை மேடையில் வழிந்திருந்தது.

நாங்கள் கொல்லையில் கோழி கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். அவள் கையில் பெரிய பை. இருக்க வந்தவளின் பை. தண்ணீர் குடிக்க நேராக அடுப்படிக்குப் போனவள் மூடியைத் திறந்தாள்.

"என்னங்க இது?"

தம்பி குனிந்து முகர்ந்தான். அந்த மூக்குக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஒயினாயிடுச்சு," என்றான். "நான் தொடல."

அம்மா ஓடி வந்தாள். "ஐயையோ, நான்தாம்மா வச்சேன். புளிக்கட்டுமேன்னு மாவு கலந்து வச்சேன்."

"போதும் அத்தை. வாசல்ல உருண்டு கெடந்தப்போ வெயில் மயக்கம்னதும் நீங்கதான். வாந்தி எடுத்தப்போ மீன் சேரலன்னதும் நீங்கதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் மகனுக்காகச் சொன்ன பொய்யெல்லாம் வழியை அடைத்து நிற்க, அவள் சொன்ன ஒரே நிஜம் வெளியே வர இடமில்லாமல் போயிற்று.

"அம்மா சொல்றது நெசம்," என்றேன்.

"நீங்களுமா அண்ணி?"

தம்பி அவளருகே போனான். "வாய மோந்து பாரு." அவள் பார்த்தாள். முகத்தை வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தாள். அடுப்படி முழுக்க அந்த வாசனைதான், சுவரில், துணியில், எங்கள் எல்லோர் மூச்சிலும். அதில் அவன் மூச்சை மட்டும் எப்படிப் பிரித்தறிவாள்?

அவன் தூக்கைத் தொட்டியில் கவிழ்த்தான். கோழி கழுவியபடியே பாத்திரத்தில் கிடந்தது. மகள் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ரோடு வரைக்கும் பையை அவன்தான் தூக்கி வந்தான். பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"நம்பணும்னுதாங்க வந்தேன்."

அவன் பையை மேலே ஏற்றிக் கொடுத்தான்.

"பாப்பாவ ஜன்னலோரமா உக்கார வை. அவளுக்கு வாந்தி வரும்."