என் குறைக்கு அவள் குடித்த கஷாயம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் நடந்தது இது. அப்போது மந்தைவெளியில் குடியிருந்தோம். நான், என் மனைவி, என் அம்மா, மூன்றே பேர். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். வயது முப்பது.

டிரில் மாஸ்டர் என்றால் ஆள் எப்படி இருப்பான் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாணமான அந்த முதல் வருஷக் கோடையில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வற்றுகிற நேரத்தில் அது கீழே இறங்கி விரைகளைப் பிடித்துக்கொண்டது. வலியில் உயிர் போயிற்று. ஆனாலும் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஜுரம் என்று பத்து நாள் படுத்திருந்துவிட்டு எழுந்தேன்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு என்னை விட்டுப் போனது. பையன்களை ஓடச் சொல்லிவிட்டு நான் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். எப்போதும் தூக்கம். தினம் சவரம் செய்த முகத்துக்கு வாரம் ஒரு தடவை போதும் என்றாயிற்று. தோள் சதை வற்றியது. மார்பு மட்டும் மெத்தென்று ஆனதால் வெயில் காலத்திலும் பனியனுக்கு மேல் இரண்டு சட்டை போட்டுக்கொள்வேன். தொட்டதற்கெல்லாம் எரிச்சல். மனைவியிடம் ஆசை என்பதே அற்றுப்போனது. புழுக்கமாக இருக்கிறது என்று பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்து விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் லேகியம் வரவழைத்தேன், பள்ளிக்கூட விலாசத்துக்கு. பந்துகள் போட்டு வைக்கும் அறையில் ஒளித்து வைத்துத் தின்றேன். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை. பழி முழுக்க என் மனைவி மேல். அம்மா காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தையெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். வெள்ளிக்கிழமை பட்டினி, ஈரப் புடவையோடு கோயில் பிராகாரத்தில் நூற்றெட்டுச் சுற்று. திருவல்லிக்கேணியில் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் அம்மா ஒருநாள் கூட்டிப் போனார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு லேடி டாக்டர் அவளைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, “மருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க” என்றாள். அவ்வளவுதான். குறை யாரிடம் என்று எனக்குத் தெரியாது என்றால் பொய். உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

அம்மா எனக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார். அப்போது சட்டத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. “இன்னா நைனா, தியாகராய நகர்ல ஒரு எடம் கீது, வர்ற ஞாயித்துக்கெழமை போய்ட்டு வந்துருவோமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் என் மனைவிதான்.

பெட்ரோல் பஞ்சத்தால் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறி நானும் அம்மாவும் போனோம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். காபித் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனாள். அவளுடைய அப்பா நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் கேட்டார்: “உங்க மூத்த சம்சாரத்துக்குத்தான் குறைன்னு டாக்டர் சொல்லிட்டாரா?”

நான் “ஆமாம்” என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருந்தா ஒரு தடவை காட்டிடுங்க. பெத்தவனுக்கு மனசு ஆறணும் பாருங்க.”

அதற்கும் சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இருந்த மனைவியிடம் போய் அந்தச் சீட்டைக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இங்கிலீஷில் இரண்டே வரி. இந்தப் பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. கணவரைப் பரிசோதிக்க வேண்டும். மருந்து எதுவும் எழுதவில்லை.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“டாக்டரம்மா அன்னிக்கே படிச்சுச் சொல்லிட்டாங்க” என்றாள். “உங்களைப் பத்தி நாலு பேர் பேசறதுக்குப் பதிலா என்னைப் பேசிட்டுப் போகட்டும்னு இருந்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு.” அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வந்து கஷாயம் குடிக்க வெக்காதீங்க” என்றாள்.

அழுதிருந்தாலோ என்னைத் திட்டியிருந்தாலோ தாங்கியிருப்பேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தியாகராய நகருக்குப் போனேன். நான் சொன்னது பொய், குறை என்னிடம்தான் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இதை நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா உங்க மேல மரியாதை வந்திருக்கும்” என்றார். எழுந்து வந்தேன்.

அந்த வாரமே ராயப்பேட்டைப் பக்கம் ஒரு டாக்டரைப் பார்த்தேன். என்னை முழுக்கப் பரிசோதித்தார். பழைய வீக்கத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொன்னேன். “ஆம்பளை உடம்புக்குன்னு ஒரு சுரப்பு இருக்கு. உங்களுக்கு அது சுரக்கிற இடம் அந்த ஜுரத்துல பழுதாயிடுச்சு. இது வியாதி. வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்லை” என்றார். சீமையிலிருந்து வந்த, எண்ணெய் போன்ற மருந்து. வாரத்துக்கு இரண்டு ஊசி. குழந்தைக்கு மட்டும் உறுதி சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் பையன்களோடு நானும் ஓடினேன். எரிச்சல் அடங்கியது. பாய் மறுபடி உள்ளே போனது. ஒவ்வொரு ஊசிக்கும் அவள் கூடவே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

குழந்தை பிறக்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதார். கஷாயச் சட்டியை அவரே தூக்கி வெளியே போட்டார். ஆனால், “ஊருக்கு எதுக்கு நைனா தெரியணும்?” என்று கேட்டார். நான் அதற்கு ஒப்புக்கொண்டேன். அதனால் எங்கள் தெருவில் அவள் கடைசிவரை மலடிதான். ஒரு வளைகாப்பில் எல்லோருக்கும் கடைசியாக அவளை வளையல் போடக் கூப்பிட்டார்கள். இன்னொரு வீட்டில் கூப்பிடவே இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டு தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தத் தெருவில் ஒரே ஒருவரிடமாவது அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் எனக்குத் தலை நிமிர்வதில்லை.