மிச்சத்துக் கனடாக்காரி

லண்டனில் ஒரு பூஞ்செடிக்காக எனக்குக் கடிதம் வரும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆகஸ்ட் மாதம், உண்மையாகவே வந்தது. தென் லண்டனில் நாங்கள் குடியிருந்த மிச்சம் என்னும் ஊரில் எங்களுக்கு ஓர் அலொட்மென்ட் இருந்தது. கவுன்சில் வாடகைக்கு விடும் சின்னத் தோட்டத் துண்டுதான். அதில் வேலியோரமாக நிற்கும் கோல்டன்ராட் என்னும் மஞ்சள் பூஞ்செடியைப் பதினான்கு நாட்களுக்குள் வேரோடு அகற்ற வேண்டும், தவறினால் துண்டையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தட்டச்சில் அடித்து அனுப்பியிருந்தார்கள். வெளியேறச் சொல்லி மனிதருக்குக் கடிதம் வருவது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன ஒன்று. செடிக்கும் அதே தவணை கொடுப்பார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்தச் செடியை நாங்கள் நடவில்லை. துண்டை எடுத்தபோதே அது அங்கே நின்றது. நான் வெந்தயமும் உருளைக்கிழங்கும் போடுவதோடு சரி, அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. பார்த்தது என் அக்கா. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஷெல் விழுந்து வீடு உடைந்தபின் என்னிடம் வந்து சேர்ந்தவள், நாலு மாதமாகச் சன்னலோரத்தில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். நானும் கணவரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் அவளோடு பேச ஆளில்லை. ஒருநாள் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மஞ்சளைக் கண்டதும் நேரே போய், கை நிறைய முறித்துக்கொண்டு வந்து சாமிப் படத்துக்கு வைத்தாள். அதன்பிறகு பூக்கிற காலம் முழுக்கத் தினமும் காலையில் தனியே பஸ் ஏறிப் போவாள். லண்டனில் அவள் தனியாகப் போன ஒரே இடம் அதுதான். துண்டு போனால் அக்கா திரும்பவும் சன்னலோரத்துக்குப் போய்விடுவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடிதம் வந்த மறுநாள் தோட்டக்காரர் சங்கத்துச் செயலாளர் ஜெஃப் எங்கள் துண்டுக்கு நேரில் வந்திருக்கிறார். அங்கே அக்கா மட்டும்தான். செடியைக் காட்டி, "திஸ் வீட் ஹாஸ் டு கோ" என்றிருக்கிறார். நான் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால், அக்கா கோட்டுப் போட்டபடி நிற்கிறாள். காலடியில் பை. பைக்குள் பாஸ்போர்ட்டும் கோண்டாவில் காணியின் உறுதிப் பத்திரமும்.

"வீடு போகோணுமாம்" என்றாள். "தோட்டத்து வெள்ளைக்காரன் சொல்லிப்போட்டுப் போறான். வீட், வீட் எண்டு ரெண்டு தரம் சொன்னவன்."

"அது வீடில்லை அக்கா, களை. களையைப் பிடுங்கட்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கோட்டையும் கழற்றவில்லை. "என்னைக் கிளப்பினது காணாதெண்டு, இப்ப பூவையும் கிளப்பப் பாக்கினமோ" என்றாள். சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வாரமே நூலகத்துக்குப் போய்ப் பூச்செடிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். பிரித்தானியாவுக்கென்று சொந்தமாக ஒரு காட்டுக் கோல்டன்ராட் இருக்கிறதாம். இனம் ஒன்றுதான், ஆனால் இடத்துக்கு இடம் உருவம் வேறு. உயர்ந்த மலையில் ஒரு சாண் உயரத்தில் பெரிய பூவோடு நிற்கும், கடற்பாறையில் குட்டையாகத் தடித்து நிற்கும், காட்டு நிழலில் ஒல்லியாக இடுப்பளவுக்கு வளரும். முன்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்களாம், இப்போது எல்லாம் ஒன்றென்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு என்று நாங்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுவது நினைவுக்கு வந்தது. அக்காவின் அகதி விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழர். கேட்ட கேள்விக்கெல்லாம் அக்கா, ஆம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி, "ஓம்" என்றாள். அந்த மனிதர், "அம்மா, சாமி அப்புறம் கும்பிடலாம், முதல்ல பதில் சொல்லுங்க" என்றாராம்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. எங்கள் செடி அந்தக் குடும்பத்தில் இல்லை. என் தோளளவு உயரம், வளைந்த நுனி, கிளையின் ஒரு பக்கமாகவே வரிசைகட்டிய பொடிப் பூக்கள். அடுத்த பக்கத்தில் அச்சாக அதே படம், கீழே கனேடியக் கோல்டன்ராட் என்று பெயர். இந்த நாட்டுக்காரரே ஆசைப்பட்டுக் கப்பலில் கொண்டுவந்து தோட்டத்தில் நட்டு அழகு பார்த்திருக்கிறார்கள். அலுத்ததும் வேலிக்கு வெளியே எறிந்தார்கள். அது ரயில்பாதை ஓரமெல்லாம் செழித்து வளர்ந்ததும் ஆக்கிரமிப்புச் செடி என்று எழுதிவிட்டார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு விசர்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு ஜெஃப்பின் கொட்டிலுக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை, விதைக் கிழங்கு தந்தவர். மெல்லிய குரலில் விளக்கினார்: அது எங்கள் நாட்டுச் செடி இல்லை, எங்களுடையது குட்டையானது, அடக்கமாக இருக்கும்.

"இதைக் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து, "எங்கள் ஆட்கள்தான்" என்றார்.

"அப்படியானால் தொல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். உங்களுடையது இல்லை என்று மட்டும் என் முன்னால் சொல்ல வேண்டாம்" என்றேன். பூ விரிந்ததும் அக்கா வெட்டிச் சாமிக்கு வைத்துவிடுகிறாள், எங்கள் துண்டிலிருந்து ஒரு விதை பறப்பதில்லை, வேர் பரவாமல் சுற்றிவரக் கல் புதைக்கிறோம், பிடுங்க மாட்டோம். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அக்கா என் கையை இழுத்தாள். "என்னவாம்?"

"கனடாவிலயிருந்து வந்ததாம். அதுதான் குறையாம்."

"கனடாவோ? எங்கட தம்பி இருக்கிற இடமெல்லோ. அப்ப சொந்தக்காரி. பிடுங்க ஏலாதெண்டு சொல்லு."

ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். ஜெஃப் குழம்பிப்போய், செடியை அனுப்பியது எங்கள் தம்பியா என்று இரண்டு தரம் விசாரித்தார். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே களைத்துவிட்டது. கடைசியில் ஒரு தாளை எடுத்து, விதைக்கு முன் வெட்டுவதாகவும் கல் புதைப்பதாகவும் எழுதி, வெட்டுகிறவர் பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்றார்.

வெட்டுகிறவள் அக்கா. பேனாவை வாங்கித் தமிழில், அவசரமில்லாமல் ஆறுதலாக, ஒழுங்கையின் பெயர், கோண்டாவில், யாழ்ப்பாணம் என்று முகவரிக்கு அவர் போட்டிருந்த மூன்று கோடுகளையும் நிரப்பினாள். அந்த வீட்டில் இப்போது சுவர்கள் மட்டும்தான் நிற்கின்றன.

"இதுதான் இவருடைய முகவரியா?" என்று ஜெஃப் என்னைக் கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

"கடிதம் போட்டால் போய்ச் சேர வேண்டுமே."

அக்காவிடம் சொன்னேன். அவள் பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள். "என்ர விலாசம் அதுதான். நீ வேணுமெண்டால் உன்ரயையும் எழுது."

எழுதக் கோடு மிஞ்சியிருக்கவில்லை. தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்து வெள்ளையில், மிச்சத்து முகவரியைச் சின்ன எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.