நாற்பதாயிரம் வரிகளுக்கு ஒதுக்கிய இடம்

பிற்பகல் இரண்டு மணிக்குச் சரக்குப் பட்டியல் அச்சாகியிருக்க வேண்டும். இரண்டேகாலாகியும் அச்சு இயந்திரம் அசையவில்லை. களஞ்சிய வாசலில் லொறிகள் காத்து நின்றன.

எண்பத்தேழாம் ஆண்டு. மேற்கு ஜெர்மனியில், பான் நகருக்கு அருகே ஓர் உதிரிப்பாக நிறுவனத்தின் கணினிப் பிரிவு. நான் புரோபட்சைட்டில், அதாவது தகுதிகாண் காலத்தில், இருந்தேன். என் வேலை அனுமதி அந்த நிறுவனத்துக்கு மட்டுந்தான் செல்லும். வேலை போனால் அனுமதியும் போகும்.

கணினியை ஓட்டும் ஒபரேட்டர் சிவம் அண்ணை கன்சோல் திரையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, உன்ர புரோகிராம் ஏறுதில்லை. மெமரி காணாதாம். நேற்று என்னத்தை மாத்தினனி?"

அந்நாளைய எங்கள் கோபோல் என்ற கணினி மொழியில், புரோகிராம் ஓடும்போது கூடுதல் இடம் கேட்க முடியாது. அட்டவணைக்கு எத்தனை வரி என்று எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். ஓடருக்கு ஒரு வரி; பழையதில் முந்நூறு. ஓடர்கள் கூடுகின்றன, பெருப்பி எழுது என்றார்கள். எவ்வளவு என்று கேட்க எனக்குப் பயம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கேட்டால் என் அறியாமை தெரிந்துவிடும். நாற்பதாயிரம் என்று போட்டேன். சோதனை ஓட்டத்துக்குத் தாராளமாக மெமரி தருவார்கள், ஓடிவிட்டது. நாளாந்த ஓட்டத்துக்கு அதில் கால்வாசிதான்.

"நாற்பதாயிரமோ!" அண்ணை தலையில் கைவைத்தார். "நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னா, கோயில் அன்னதானக் கிடாரத்தை அடுப்பில ஏத்துறியே!"

பிரிவுத் தலைவி ஃபிராவ் லென்ட்ஸ் வந்தார். "ஒபரேட்டர் பிழையா, புரோகிராம் பிழையா?"

அண்ணை என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. நானும் பேசாதிருந்தால் பழி அவர் தலையில் விழுந்திருக்கும்.

"என் பிழை" என்றேன். "இடம் போதாமல் போய்விடுமோ என்று பயந்து கூட்டிப் போட்டேன்."

"களஞ்சியத்தைக் கேட்டீர்களா?"

"இல்லை."

தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். களஞ்சியப் பொறுப்பாளர் சிரித்தார்: "ஒரு நாளைக்கு அறுநூறு ஓடருக்கு மேல் எங்களால் ஏற்றவே முடியாது!"

எழுநூறு என்று மாற்றினேன். அட்டவணை நிறைந்தால் செய்தி போட்டு நிற்கும்படி ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். அவசரத்தில் எழுத்துப்பிழை விட்டதில், கொம்பைல், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுவது, இரண்டு தடவை தவறியது. மூன்றரைக்கு முதல் தாள் வெளியே வந்தது.

"கேட்டதற்காக நான் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தியதில்லை" என்றார் ஃபிராவ் லென்ட்ஸ். "கேட்காததற்காக நிறுத்தியிருக்கிறேன்." என்னை நிறுத்தவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: பயத்துக்கு இடம் ஒதுக்கத் தொடங்கினால் எந்த இயந்திரமும் போதாது. தெரிந்தவரிடம் எண்ணைக் கேளுங்கள். எனக்கு இன்றும் கேட்பதற்கு முன் தொண்டை வறண்டுவிடும். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்கிறேன்.